கேத்தி: ஒரு மலையூரின் வரலாற்றில் புதுச்சேரியின் பக்கம்

(உள்ளூர் வரலாறு குறித்துப் பிள்ளைச்சாவடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலோரத்தில் இருக்கும் பிள்ளைச்சாவடியில் உட்கார்ந்துகொண்டு, ஏழாயிரம் அடிக்குச் சற்றே குறைந்த உயரத்தில் இருக்கும் ஒரு நீலகிரி ஊரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. 1830களின் பிற்பாதியில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநருக்கு மலைமேல் ஒரு வீடு இருந்தது. ஆங்கிலேயர் ஆண்ட நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில் அவர் அதைத் தம் இருப்பிடமாக வைத்திருந்தார். அந்த வீட்டைச் சுற்றியிருந்த தோட்டத்தில், கவனிப்பாரற்றுச் சாகக் கிடந்த சில தேயிலைச் செடிகளைப் பிழைக்கவைத்தவர் ஒரு தாவரவியலாளர். அவர் பிற்பாடு புதுச்சேரியிலேயே தங்கி, புதுச்சேரியிலேயே மறைந்தார். இன்று காலையில் நாம் குடித்த தேநீருக்கும் இந்த ஊருக்கும் இடையே இப்படி ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கைச் சொல்வது இந்தப் பேச்சின் பாதி வேலைதான். மறுபாதி, அந்தக் கணக்கில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் விடுபட்டது என்று பார்ப்பது. சிற்றூர்களின் வரலாறு பெரும்பாலும் வந்து போனவர்கள் எழுதிவைத்த கடிதங்களிலும் அறிக்கைகளிலும் கிடக்கிறது. அங்கேயே தங்கி மண்ணைக் கொத்தியவர்களின் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. கேத்தியை ஊன்றிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். நம் கடற்கரை ஊர்களுக்கும் இதே நிலைதான்.

முதலில் ஊரைப் பார்ப்போம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்குப் போகும் மலை ரயில் 46 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர்வரை செங்குத்தான ஏற்றம். அந்தப் பகுதியில்தான் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை இருக்கிறது. குன்னூரைத் தாண்டினால் பல்சக்கரம் தேவையில்லை. வெலிங்டன், அரவங்காடு என்று சாதாரண ரயில்போலப் போய்க் கேத்தி நிலையத்தில் நிற்கும். அடுத்து லவ்டேல், அதற்கடுத்து ஊட்டி. கேத்தி நிலையத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. பலர் அது கேத்தி என்று தெரியாமலே பார்த்திருக்கிறார்கள். 1982-ல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' படத்தின் இறுதிக்காட்சி படமானது அங்கேதான்.

நிலையத்திலிருந்து கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாகச் செதுக்கிய வயல்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பூண்டு. சரிவுகளில் தேயிலை. இடையிடையே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளோடு படகர் ஊர்கள். அவற்றை அவர்கள் 'ஹட்டி' என்பார்கள். கேத்தி என்பது ஒற்றை ஊரின் பெயராகவும் பல ஹட்டிகள் சேர்ந்த பள்ளத்தாக்கின் பெயராகவும் இன்று ஒரு பேரூராட்சியின் பெயராகவும் வழங்குகிறது. கேத்தி பாலாடா, எல்லநள்ளி என்ற பெயர்களை ஊட்டி பேருந்தில் போனவர்கள் நடத்துநர் வாயால் கேட்டிருப்பார்கள்.

இந்த மலைமேல் வெள்ளையர் காலடி வைத்த பிறகுதான் வரலாறு தொடங்கியது என்று நினைப்பது தவறு. 1603-ல் மலபார்ப் பக்கத்திலிருந்து ஃபினிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மலையேறி வந்தார். நீலகிரி மக்களைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் நேரில் கண்டு எழுதிய முதல் குறிப்பு அவருடையது. தோடர்களை மட்டுமல்லாமல் படகர் ஊர்களையும் அவர் அப்போதே பார்த்திருக்கிறார். மைசூர்ச் சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் முன்னோரைப் பற்றிப் படகர்கள் சொல்லும் வழிவழிக் கதைகளில், விஜயநகரத்தின் வீழ்ச்சிக்குப் பிந்தைய குழப்பங்களும் பேசப்படுகின்றன. எப்போது வந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே வேறுபாடு உண்டு. ஆனால் 1603-க்கு முன்பே ஊர்கட்டி உழுதுகொண்டிருந்தார்கள் என்பதில் ஐயமில்லை.

அவர்கள் தனித்து வாழவில்லை. எருமை மேய்த்த தோடர்கள் நெய்யும் பாலும் தந்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து தந்தார்கள். திருவிழாவுக்கும் சாவுக்கும் இசைக்கருவி வாசித்தார்கள். குறும்பர்கள் காட்டிலிருந்து தேனும் மூங்கில் பொருள்களும் கொண்டுவந்தார்கள். படகர்கள் தானியம் அளந்தார்கள். கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்றான கொல்லிமலை, கேத்திப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துக் கேத்தி உழவன் கையிலிருந்த கொத்து அங்கே ஒரு கோத்தக் கொல்லர் அடித்துத் தந்ததாக இருந்திருக்கும். கூலியும் விலையும் அல்ல, தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குக் குடும்பம் தொடர்ந்த கொடுக்கல் வாங்கல். சாமை, ராகி, பார்லி, கீரைத் தானியம் ஆகியவற்றை விளைவித்தார்கள். மலைமண் மெல்லிசு, மழை வேகமானது. அதனால் ஒரு துண்டு நிலத்தில் சில ஆண்டுகள் பயிரிட்டுப் பிறகு அதைத் தரிசாகப் போட்டுவிட்டு வேறு துண்டுக்குப் போவார்கள். மண் தேறிய பிறகு திரும்பி வருவார்கள்.

வெளியூர்க்காரர்களின் கண்ணுக்கு அந்தத் தரிசு வெறும் நிலமாகத் தெரிந்தது. பின்னால் வந்த பல தகராறுகளுக்கு இதுதான் விதை.

1819-ல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். கோத்தகிரிக்கு அருகிலுள்ள கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. புதுச்சேரியின் முதல் தொடர்பும் அந்த ஆண்டிலேயே தொடங்குகிறது. 1816-ல் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும், தாவரங்களைத் திரட்டும் பணிக்காகப் பிரான்ஸ் அரசரின் இயற்கையியலாளர் லெஷனோ தெ லா தூர் அனுப்பப்பட்டார். அவர் உடல் நலிந்திருந்த நேரத்தில் 1819-ல் நீலகிரிக்குப் போனார். மலைக்காற்று அவரைத் தேற்றியது. குளிர்மலை நோயாளிக்கு மருந்து என்ற நம்பிக்கை பரவியதற்கு அவர் உடல் தேறிய செய்தியும் ஒரு காரணம்.

அதன்பின் காட்சி கேத்திக்கு மாறுகிறது.

சென்னை ஆளுநர் லஷிங்டன் 1830-31 காலத்தில் கேத்திப் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மாதிரிப் பண்ணையை ஏற்படுத்தினார். ஐரோப்பியப் பயிர்கள் இந்த மண்ணில் வருமா என்று பார்ப்பதே நோக்கம். கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, பழமரங்கள் என்று பலவும் வைத்துப் பார்த்தார்கள். பள்ளத்தாக்கு காற்றுக்கு மறைவானது, ஓடைநீர் உண்டு, தேர்ந்த இடம்தான். ஆனால் லஷிங்டன் பதவி முடிந்து போனதும் ஆதரவு குறைந்தது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்று 1836-ல் பண்ணை மூடப்பட்டது.

மூடப்படுவதற்கு முன் அங்கே ஒரு புதுப்பயிர் வந்து சேர்ந்திருந்தது. நீலகிரியை ஆராய அமர்த்தப்பட்ட கிறிஸ்டி என்ற மருத்துவர், குன்னூர்ப் பக்கத்தில் தேயிலை இனத்தைச் சேர்ந்த ஒரு செடி செழித்து வளர்வதைக் கண்டு, இங்கே தேயிலையும் வரும் என்று கருதிச் சீனச் செடிகளுக்கு ஏற்பாடு செய்தார். 1832-ல் அவர் இறந்துவிட்டார். அடுத்து, சீன விதையிலிருந்து கல்கத்தாவில் வளர்த்த நாற்றுகளை 1835-ல் தென்னிந்தியாவின் சில இடங்களுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒரு பங்கு கேத்திப் பண்ணைக்கு வந்தது. மறு ஆண்டே பண்ணையைப் பூட்டிவிட்டார்கள். தேயிலைக் கன்றுகள் களையோடு களையாகக் கிடந்தன.

பூட்டிய பண்ணை வீடு யாருக்குப் போனது என்பதில்தான் புதுச்சேரி வருகிறது. 1835 முதல் 1840 வரை புதுச்சேரி ஆளுநராக இருந்தவர் மார்க்கி தெ சேன் சிமோன். கேத்தி வீட்டை அவர் தம் மலை இருப்பிடமாகப் பெற்றார். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாட்டர்லூ போர் முடிந்து இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆனாலும் ஆங்கிலேயர் மலையில் பிரெஞ்சு ஆளுநர் குடியிருப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை. கோடை எல்லாருக்கும் கோடைதானே.

அந்தக் காலத்தில்தான் பெரோத்தே கேத்திக்கு வந்தார். சாமுவேல் பெரோத்தே 1793-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பிரெஞ்சு அரசின் பணியில் உலகம் சுற்றிய செடிவல்லுநர். பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவகை முசுக்கொட்டையை 1821-ல் பிரான்ஸுக்குக் கொண்டுசேர்த்தவர். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலின் தாவரங்களைத் திரட்டிப் பட்டியலிட்டவர். அவுரி பயிரிட்டு நீலச்சாயம் எடுக்கும் தொழிலைப் பற்றி 1842-ல் தனி நூலே வெளியிட்டவர். பெரோத்தேஷியா என்ற தாவரப் பேரினம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஏட்டுப் படிப்போடு நில்லாமல், கையில் மண் ஒட்ட வேலை பார்த்த தோட்டக்கலைஞர்.

அவர் கேத்தியில் செய்த வேலை மிகச் சிறியது. அதனாலேயே கவனிக்கத் தக்கது. தேயிலைக் கன்றுகள் வாடி நின்றதற்கு மண்ணும் குளிரும் காரணம் என்று மற்றவர்கள் கைவிட்டிருந்தார்கள். அவர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். செடிகள் மிக ஆழமாக நடப்பட்டிருந்தன. வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதிக்கு மேலேயும் மண் மூடியிருந்தது. அந்த இடத்தில் பட்டைக்குக் காற்று வேண்டும். மண் மூடினால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும், வேர் மூச்சுவிடாது, மேலே தளிர் வராது. அவர் கழுத்தைச் சுற்றியிருந்த மண்ணை விலக்கினார்; வேர்கள் சரியான மட்டத்தில் நிற்கும்படி செய்தார்; களையை எடுத்தார். செடிகள் தேறின, தழைத்தன, பூத்தன, காய்த்தன. நீலகிரி மண்ணில் தேயிலை வளரும் என்பதற்கு அந்தச் சில செடிகளே கண்கண்ட சான்றாக நின்றன. 1840-ல் நீலகிரித் தேயிலையின் மாதிரிகள் சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்துக்குப் போயின. 1850களில் குன்னூரில் மான் என்பவர் தோட்டம் போட்டார். அடுத்த பத்தாண்டுகளில் தோட்டங்கள் பெருகின.

பெரோத்தே பின்னாளில் புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தோடு நெடுங்காலம் தொடர்புகொண்டு உழைத்தார். 1826-ல் அமைக்கப்பட்ட அந்தத் தோட்டம் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். 1867-ல் அந்தத் தோட்டத்துத் தாவரங்களின் பட்டியலை அவர் வெளியிட்டார். 1870-ல் புதுச்சேரியில் காலமானார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

மண்ணை விலக்கினார் என்று சொல்கிறோம். அந்த மண்ணை விலக்கிய கைகள் யாருடையவை? பண்ணையில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள் யார்? பண்ணை மூடிய பிறகும் ஒருசில செடிகள் மாடு மேயாமல் தப்பியது எப்படி? பண்ணைக்காக எடுக்கப்பட்ட நிலம், அதற்கு முன்பு எந்தக் குடும்பங்கள் சுழற்சியில் உழுது தரிசு விட்ட நிலம்? அறிக்கைகளில் லஷிங்டன் இருக்கிறார், கிறிஸ்டி இருக்கிறார், சேன் சிமோன் இருக்கிறார், பெரோத்தே இருக்கிறார். கேத்தி ஊர்க்காரர் ஒருவர் பெயர்கூட அந்தத் தேயிலைக் கதையில் நமக்குச் சொல்லப்படுவதில்லை. பெரோத்தேயின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் செய்தது உண்மையான நல்ல வேலை. ஆனால் ஊர் என்ற ஒன்று பின்னணித் திரையாகிவிடும்போது வரலாறு பாதியாகிவிடுகிறது.

வீட்டின் கதை தொடர்ந்தது. பிரெஞ்சு ஆளுநருக்குப் பின் சென்னை ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபு அதைப் பெற்று, பெருஞ்செலவு செய்து மாளிகை ஆக்கினார். அவருக்குப் பின் அது காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரியிடம் வந்தது. மற்ற வெள்ளையர்கள் ஊட்டி ஏரிக்கரையில் குதிரைச் சவாரி போய்க்கொண்டிருந்த காலத்தில், காசமேஜர் கேத்தியில் தங்கி, படகர்களோடு பேசுவதற்காகக் கன்னடம் கற்றார். தம் சொந்தச் செலவில் படகர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். 1846-ல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மறைப்பணி அமைப்பின் ஊழியர்கள் அவர் வீட்டிலிருந்தே பணி தொடங்கினார்கள். 1849-ல் அவர் இறந்தபோது தம் சொத்தின் பெரும்பகுதியை மிஷனுக்கு எழுதிவைத்திருந்தார்.

பாசல் மிஷனைச் சேர்ந்த மெட்ஸ், ஹட்டி ஹட்டியாக நடந்து மலை மக்களின் வழக்கங்களைக் கேட்டு எழுதினார்; அவருடைய நூல் 1856-ல் வந்தது. முதல் படகர் திருமுழுக்குப் பெற்றது 1858-ல்தான். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் ஒருவர்! இந்த எண் மிஷனின் தோல்வியைக் காட்டவில்லை, ஊரின் உறுதியைக் காட்டுகிறது. பள்ளியை ஏற்றுக்கொண்டார்கள், எழுத்தையும் மருந்தையும் ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் தெய்வத்தையும் ஊர்க்கூட்டத்தையும் விட்டுக்கொடுக்கப் பெரும்பாலானோர் மறுத்தார்கள். எத்தையம்மனுக்கு எடுக்கும் ஹெத்தை ஹப்பா என்ற திருவிழா இன்றும் படகர் ஊர்களை வெள்ளை உடையில் ஒன்றுதிரட்டுகிறது. வந்ததில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்த ஊர்கள் தாமே தீர்மானித்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மாற்றம் இரும்புப் பாதையில் வந்தது. குன்னூர்வரை 1899-ல் வந்த ரயில், 1908-ல் ஊட்டிவரை நீண்டது. அந்தப் பாதை வேலையில் ஒப்பந்தக்காரராக இருந்தவர் ஹுப்பத்தலையைச் சேர்ந்த பெள்ளிகவுடர் என்ற படகர். ரயில் வந்ததும் உருளைக்கிழங்கு சமவெளிக்கு இறங்கியது. பணம் மேலே ஏறியது. அதோடு மண்டித் தரகரின் பிடியும் ஏறியது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரே விளைச்சலுக்கு விலையும் சொன்னார். அதை உடைக்கப் பெள்ளிகவுடரின் மகன் ஆரிகவுடர் முன்னின்று 1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை உருவாக்கினார். விவசாயி தன் மூட்டையைத் தன் சங்கத்தின் ஏலத்தில் விற்கலாம் என்ற நிலை வந்தது.

ஊருக்குள் புது நிறுவனங்களும் வந்தன. கொடைக்கானலில் 1914-ல் தொடங்கிய புனித ஜார்ஜ் இல்லம் 1922-ல் கேத்திக்கு மாறியது. இன்று அது லெய்ட்லா நினைவுப் பள்ளி. 1949-ல் தொடங்கிய ஊசி நிறுவனத்தின் தொழிற்சாலை எல்லநள்ளியில் அமைந்தது. தமிழ்நாட்டு வீடுகளின் தையல் பெட்டியில் இருந்த ஊசி பலவும் கேத்திப் பள்ளத்தாக்கில் தேய்த்துக் கூராக்கப்பட்டது. தேயிலையையும் கிழங்கையும் நம்பியிருந்த வீடுகளுக்கு மாதச் சம்பளம் வந்தது.

கிழங்குக்கு வந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கு வயல்களில் பொன்னிற நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் ஒட்டி வாழும் இந்தப் புழுவின் கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மற்ற மாநிலங்களுக்குப் பரவக் கூடாது என்று நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. கிழங்கு கைவிட்ட சரிவுகளில் மெல்ல மெல்லத் தேயிலை ஏறியது. ஒரு காலத்தில் வெள்ளையர் தோட்டத்தில் மட்டும் நின்ற செடி, இப்போது படகர் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரிலும் ஒரு ஏக்கரிலும் நின்றது. கூட்டுறவுத் தொழிற்சாலைகள் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை வாங்கின. கேத்தியில் ஒருநாள் மூச்சுத் திணறிய செடி, நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து அந்த மாவட்டத்தின் சோறாகவே ஆனது.

அந்தச் சோறு இன்று உறுதியாக இல்லை. சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்ததும் நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. அதுமுதல் கட்டுப்படியாகும் விலை கேட்டு ஊர் ஊராகப் போராட்டம் நடந்துவருகிறது. 2023-லும் கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். கொழுந்து பறிக்கும் கூலி, உரம், கவ்வாத்துச் செலவு, ஏற்றுகூலி எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்வார். பிள்ளைகள் படித்துக் கோவைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். கவ்வாத்துச் செய்யாத தேயிலை மரமாக வளர்ந்து நிற்பதை மலைச் சரிவுகளில் இப்போது பார்க்கலாம்.

இன்னொரு எண் கேத்தியின் பெயரோடு சேர்ந்துவிட்டது. 2009 நவம்பர் 10 அன்று பதிவான ஒரு நாள் மழை, கேத்தியில் 82 சென்டிமீட்டர். புதுச்சேரிக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை சுமார் 130 சென்டிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் கொட்டியது. 2024 டிசம்பர் 1 காலைவரை ஃபெஞ்சல் புயல் நம் ஊரில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சமதரையில் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. மலையில் தண்ணீர் நிற்காது, மண்ணையும் இழுத்துக்கொண்டு இறங்கும். 2009-ன் அந்த மழை நாட்களில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் மாண்டார்கள். சாலைகள் அறுந்தன, ரயில் பாதை பெயர்ந்தது.

மழை மட்டும் காரணம் அல்ல. சோலைக்காட்டின் அடர்ந்த வேர்கள் தண்ணீரை மெல்ல உள்ளே விடும். சோலை போய்ப் புல்வெளி போய், சரிவை வெட்டிச் சாலையும் கட்டடமும் வந்தால் தண்ணீருக்குப் பழைய வழி அடைபடும். மண் ஊறி ஊறிக் கனம் தாங்காமல் ஒரு கட்டத்தில் நழுவும். எந்தச் சரிவில் வீடு கட்டக் கூடாது, எந்த ஓடையை மறிக்கக் கூடாது என்று பழைய ஹட்டிகளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு ஏட்டில் இல்லை. முதியவர்கள் நினைவில் இருக்கிறது. உள்ளூர் வரலாற்றைப் பொழுதுபோக்காகக் கருதுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓடையின் பழைய தடம் தெரிந்திருப்பது உயிர் காக்கும் அறிவு.

பிள்ளைச்சாவடிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. புதுச்சேரித் துறைமுகத்தின் கல் அணைகள் 1980களின் இறுதியில் எழுந்தன. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைபட்டது. வடக்கே இருந்த கடற்கரை மெலிந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி வரை கடல் உள்ளே வந்தது. வலை காயவைத்த மணல்வெளி போயிற்று, தென்னைகள் சாய்ந்தன, வீடுகள் போயின. கல் கொட்டச் சொல்லி ஊர்மக்கள் சாலையில் உட்கார்ந்த செய்திகள் நாளிதழ்களில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கடற்கரை எவ்வளவு அகலம் இருந்தது, கட்டுமரங்கள் எங்கே ஏற்றி வைக்கப்பட்டன, எந்தக் கோயிலுக்கு எதிரே எந்தத் தெரு இருந்தது என்பவை செய்தியில் இல்லை. கேத்தியின் தரிசு நிலம் அறிக்கையில் வெறும் நிலமாகப் பதிவானதுபோல, நம் மணல்வெளியும் வரைபடத்தில் வெறும் மணலாகத்தான் இருந்தது.

இதற்குச் செய்யக்கூடியது என்ன என்பதையும் சொல்லி முடிக்க வேண்டும்.

ஆவணங்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் புதுச்சேரி. 1827-ல் தொடங்கிய நூலகம், இன்றைய ரோமன் ரோலந்து நூலகம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்திய மலைக்காடுகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறது. பிளாஸ்கோ 1971-ல் எழுதிய தென்னிந்திய மலைகளைப் பற்றிய நூல் அவற்றில் ஒன்று. அங்கே உலர்தாவரத் தொகுப்பும் இருக்கிறது. காலாப்பட்டில் பல்கலைக்கழகம், பக்கத்திலேயே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பிரெஞ்சு படித்த மாணவர் ஒருவரும் தாவரவியல் மாணவர் ஒருவரும் சேர்ந்தால், சேன் சிமோன் ஆளுநராக இருந்த ஐந்தாண்டுக் கடிதங்களில் கேத்தி வீட்டைப் பற்றிய குறிப்புகளைத் தேடலாம். வேலையாட்கள் கணக்கு ஏதேனும் அகப்பட்டால், விடுபட்ட பெயர்களில் சில கிடைக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேத்திக்குப் போய் ஊர்க்கவுடர்களிடம் கேட்கலாம்: பண்ணை நிலம் எது, அதற்கு முன் அது யாருடைய உழவு, முன்னோர் என்ன சொன்னார்கள்.

அதே மாணவர்கள் அதற்கு முன் இங்கே ஒரு வேலை செய்ய வேண்டும். பிள்ளைச்சாவடியில் எழுபது வயதைத் தாண்டிய மீனவர்களையும் மீன் விற்ற பெண்களையும் உட்காரவைத்து, துறைமுகம் வருவதற்கு முந்தைய கரையைத் தெருத்தெருவாக வரையச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுப் பெயரும், கட்டுமரம் ஏற்றிய இடமும், நல்ல தண்ணீர் கிடைத்த ஊற்றும், கல்யாணப் பந்தல் போட்ட வெளியும் அந்தப் படத்தில் வர வேண்டும். சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் ஓரத்தில் எழுத வேண்டும். ஒரு படி ஊர்ப் பஞ்சாயத்தாரிடம், ஒரு படி பள்ளியில், ஒரு படி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கட்டும். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் இதைத் தொடங்கலாம். வரைவதற்குப் பெரிய தாளும், கேட்பதற்குப் பொறுமையும், ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதலும் இருந்தால் போதும்.